விழுவதற்கென்று வாங்கியது

கூரைக்காரர் எந்தப் பொருளையும் முதலில் கையில் தூக்கித்தான் பார்ப்பார். சுத்தியலோ ஏணியோ வீட்டுக்கு வாங்கும் நாற்காலியோ, கனம் இருந்தால்தான் அவருக்கு அது பொருள். இலேசான சுத்தியல் ஆணியை விட்டுவிட்டு விரலைத்தான் அடிக்கும், இலேசான ஏணி காற்றில் ஆடும் என்பார். பாதி ஆயுளை ஓட்டுக்கூரைகளின் மேல் கழித்தவர் சொல்வதை யாரும் மறுத்ததில்லை. அந்த எண்ணத்தோடுதான் அவர் ட்ரோன் விற்கும் கடைக்கும் போனார்.

கூரை வேலைக்காரருக்கு ட்ரோன் எதற்கு என்றால், அவர் விழுந்ததுதான் காரணம்.

போன வருஷம் ஒரு கிடங்கின் கூரையிலிருந்து இறங்கும்போது ஏணியின் கால் ஈரப் பலகையில் வழுக்கியது. வலது இடுப்பு எலும்பு உடைந்தது. அறுவை செய்து தகடு வைத்துத் திருகி மூடினார்கள். அவருடைய மனைவிக்குத் தொழிலே படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வது. அதற்கென்று முறையாகப் பயிற்சி எடுத்தவள். வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, நடக்கப் பழக்கிவிட்டு வருவாள். அந்த நாட்களில் வெளி வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டாள். அழவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. வேளைக்கு மாத்திரை, வேளைக்குப் பயிற்சி, முணுமுணுத்தால் ஒரு முறைப்பு. அவர் எழுந்து நடந்துவிட்டார்.

கடைசியாகப் பார்த்தபோது டாக்டர் சொன்னார்: "நடக்கலாம். மாடிப்படி ஏறலாம். ஏணி மட்டும் கூடாது. இன்னொரு தடவை விழுந்தா இந்த அளவுக்குக்கூட எழுந்திருக்க மாட்டீங்க." சொன்னது அவரிடம். பார்த்தது அவர் மனைவியை. யாரிடம் சொன்னால் நடக்கும் என்று தெரிந்த டாக்டர்.

ஆனால் கூரை வேலையில் பாதிக்கு மேல் பார்ப்பதுதான். தண்ணீர் ஓரிடத்தில் சொட்டும், ஓட்டை வேறிடத்தில் இருக்கும். மேலே இறங்கிய நீர் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி, தனக்குப் பிடித்த இடத்தில்தான் விழும். எங்கே இறங்கியது என்று மேலே போய்ப் பார்த்தால்தான் தெரியும். இப்போது ஏறிப் பார்ப்பது நெட்டை. வெகு காலமாகக் கூட வேலை செய்பவன். ஏணி இல்லாமலே பாதிச் சுவர் எட்டும் உயரம். அவனுக்குக் கை தங்கம், கண் தகரம். மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "எல்லாம் நல்லாத்தான்ணே இருக்கு" என்று கத்துவான். அடுத்த மழைக்கு அந்த வீட்டில் மறுபடி சொட்டும்.

"கூரைக்காரர் ஏறலைன்னா அப்புறம் எதுக்குக் கூரைக்காரரு?" என்று ஒரு பழைய வாடிக்கைக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்.

அன்று சாப்பிடும்போது அவர் மனைவியிடம் சொன்னார்: "இந்த மழைக்காலத்துக்குள்ள ஒரு வழி பிறக்கலைன்னா நான் ஏறத்தான் போறேன். சொல்லிட்டேன்."

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். எதற்குப் பதில் சொல்ல வேண்டும், எதற்குக் கூடாது என்பது அவள் தொழிலில் பாதி.

வழி சொன்னது அவளுடைய தம்பி. வேன் ஓட்டுபவன். எங்கோ ஒரு புதுக் கட்டடத்தை வானத்திலிருந்து படம் பிடிப்பதைப் பார்த்துவிட்டு நேராக அக்காள் வீட்டுக்கு வந்தான். "மாமா, நீங்க கீழேயே நின்னுக்கலாம். கண்ணை மட்டும் மேல அனுப்பலாம்" என்றான். கூரைக்காரர் முதலில் சிரித்தார். இரவெல்லாம் யோசித்தார். காலையில் சட்டை மாற்றிக்கொண்டு, "வேனை எடு" என்றார்.

கடையில் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். சுட்டுவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"முன்னாடி ஏதாவது ஓட்டியிருக்கீங்களா, சார்?"

"மாமா எங்க அக்காகூடக் குடும்பமே ஓட்டியிருக்காரு. அதைவிடக் கஷ்டமா இது?" என்றான் மைத்துனன்.

அவள் சிரித்துவிட்டு ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தாள். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு ட்ரோன். நான்கு இறக்கைகளைச் சுற்றியும் வளையம் வளையமாகக் கூண்டு.

"இது உங்களுக்குச் சரியா இருக்கும்."

கூரைக்காரர் அதைத் தூக்கிப் பார்த்தார். ஒரு துண்டு ரொட்டியின் கனம்கூட இல்லை. "எதுக்கு இந்தக் கூண்டு? கொசு வராம இருக்கவா?"

"விழும்போது இறக்கை உடையாம இருக்க, சார்."

"விழும்போதா?"

"முதல் ட்ரோன் விழுறதுக்குன்னே வாங்கறதுதான். கொஞ்ச நாள் விழும், முட்டும். அதுக்குள்ள கை படிஞ்சிடும். இதுலயும் கேமரா இருக்கு. ரொம்பத் தெளிவா இருக்காது, பழகறதுக்குப் போதும்."

"விழுற வேலையை நான் ஏற்கெனவே முடிச்சிட்டேன்மா. அடுத்ததைக் காட்டு."

அவள் தயக்கத்தோடு பெரியதை எடுத்தாள். கைகால்களை மடக்கிக்கொண்டு கிடக்கும் சாம்பல் நிற மிருகம் போல இருந்தது. "இது ரொம்ப நல்ல பொருள் சார். காத்துல அசையாம நிக்கும். தானாவே திரும்பி வரும். அதனாலதான் முதல்லயே வேண்டாங்கறேன். எல்லாத்தையும் அதுவே செஞ்சா உங்க கைக்கு ஒண்ணும் வராது. ஒரு நாள் அது செய்யாமப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? முதல்ல சின்னதுல பழகுங்க. அப்புறம் இதை வாங்க நீங்களே வருவீங்க."

மைத்துனன் அவர் காதருகே குனிந்தான். "பெரிசை விட்டுட்டுச் சின்னதை விக்கப் பாக்குறாங்கன்னா, சின்னது விக்காமத் தேங்கிக் கிடக்குன்னு அர்த்தம் மாமா."

கூரைக்காரர் ஒரு கையில் சின்னதையும் மறு கையில் பெரியதையும் வைத்து ஓடுகளை நிறுத்துப் பார்ப்பதுபோல ஏற்றி இறக்கினார். அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள். எது ஜெயிக்கப்போகிறது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

"இது பொருள்" என்றார் கூரைக்காரர், பெரியதை மேஜையில் வைத்து.

வீட்டில் மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தாள். "கடையில இதைத்தான் சொன்னாங்களா?"

"அங்க ஒரு பொண்ணு வேற எதையோ காட்டுச்சு. பொம்மை."

"வாக்கர் வேண்டாம், கைத்தடி போதும்னு அடம் பிடிச்சது யாருங்க?"

"அது வேற, இது வேற."

"ம்" என்றாள் அவள். பெட்டியை மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள். அவள் பார்த்துக்கொள்கிறவர்களில், அதிலும் ஆண்களில், வாக்கரை விரும்பிப் பிடித்தவர் ஒருவர்கூட இல்லை. அந்த 'ம்' அவளுக்குப் பழகிய 'ம்'.

வீட்டுக்குப் பின்னால் பழைய ஓடுகளும் சட்டங்களும் அடுக்கிவைத்த முற்றம் இருந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு மாலையில் அங்கே வைத்துப் பறக்கவிடுவதென்று முடிவானது. வானம் ஒரு பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மைத்துனன் ரிமோட்டில் போனைப் பொருத்தி, திரையைத் தடவிப் பார்த்தான்.

"மாமா, இதுல 'புதியவர்'னு ஒண்ணு இருக்கு. அதுல வெச்சா மெதுவாப் போகுமாம். வெக்கட்டுமா?"

"யாருடா புதியவர்? நான் கூரையைப் பார்க்க ஆரம்பிச்சப்ப நீ பால் புட்டியோட திரிஞ்சே. வேண்டாம் அது."

மைத்துனன் அதைப் போடாமல் விட்டுவிட்டான்.

ட்ரோன் தேனீக்கூட்டம் போல இரைந்துகொண்டு எழுந்தது. அவர் தொட்டது மேல், போனது மேல். ஏணியிலிருந்து விழுந்த நாளுக்குப் பிறகு பார்க்காத ஒரு மலர்ச்சி அவர் முகத்தில் வந்தது. திரையில் அவருடைய சொந்த முற்றம், மரச்சட்டங்கள், ஓட்டு அடுக்கு, அண்ணாந்து நிற்கும் மைத்துனனின் வழுக்கை. "டேய், உனக்கு இவ்வளவு கொட்டிப்போச்சா!" என்று சத்தமாகச் சிரித்தார். ட்ரோனை முற்றத்தின் கோடிவரை கொண்டுபோய்த் தன்னைப் பார்க்கும்படி திருப்பினார்.

தப்பு அங்கேதான் நடந்தது. தன் முகத்தைப் பார்த்து நிற்கும் ட்ரோனை இடது பக்கம் தள்ளினால் அது வலது பக்கம் போகிறது. அவர் குச்சியை இன்னும் இடது பக்கம் அழுத்தினார். அது இன்னும் வேகமாக வலது பக்கம் பாய்ந்தது. வலது பக்கம் இருந்தது அவர் வீடு.

"மாமா, விடுங்க! கையை எடுங்க!"

எடுத்திருந்தால் அந்தரத்திலேயே நின்றிருக்கும். விழப்போகிற ஒன்றை இறுகப் பிடிக்கத்தான் அவர் கைக்குத் தெரியும். இறுகப் பிடித்தார். கூரையின் முகட்டில் படாரென்று ஒரு சத்தம். இரைச்சல் நின்றது. முகட்டு ஓட்டுக்கு இந்தப் பக்கம் ட்ரோன் மல்லாந்து கிடந்தது. அதன் சின்ன விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

மைத்துனன் சட்டைப்பையில் வேன் சாவியைத் தேடினான்.

"நெட்டையைக் கூட்டிட்டு வரேன். வேன்ல போயிட்டு உடனே வந்திடுறேன். நீங்க சும்மா உக்காந்திருங்க, மாமா. சும்மா!" என்று சொல்லிவிட்டு மைத்துனன் ஓடினான்.

கூரைக்காரர் சும்மா உட்கார்ந்தார். வானத்தைப் பார்த்தார். மழை வருகிற வாசனை வந்தது. வாங்கிய பிறகு ஒரு நாள்கூட முழுசாகப் பறக்காத பொருள் அங்கே நனையப்போகிறது. முற்றத்துச் சுவரோரம் ஏணி படுத்துக் கிடந்தது. அவரே மரம் பார்த்துச் செய்வித்த ஏணி. கனமான ஏணி.

சும்மா சாய்த்து வைத்துப் பார்க்கலாம் என்றுதான் எழுந்தார். சாய்த்த பிறகு, கால் உறுதியாக நிற்கிறதா பார்க்கலாம் என்று முதல் படியில் ஏறினார். உறுதியாகத்தான் நின்றது. நல்ல காலை முதலில், அடிபட்ட காலைப் பின்னால் என்று மனைவி மாடிப்படிக்குச் சொல்லிக்கொடுத்த முறையில் அடுத்ததும் ஏறினார். அதற்கடுத்ததும். வலி இல்லை. கைகள் தங்கள் இடத்தைத் தாங்களே கண்டுபிடித்தன. தலை கூரை விளிம்பைத் தாண்டியதும் ஓடுகளின் மேல் கையை வைத்தார். நாளெல்லாம் வெயில் குடித்த ஓடு, இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. அந்தச் சூட்டில் கையை வைத்துக்கொண்டு அவர் எதையும் நினைக்காமல் நின்றார். ட்ரோனைக்கூட.

பிறகு ஏணியிலிருந்து கூரைக்குக் காலை மாற்ற வேண்டும். அதற்கு இடுப்பைப் பக்கவாட்டில் அகட்டித் தூக்க வேண்டும். தூக்கினார். பாதியில் இடுப்பு பூட்டிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. கால் நடுங்கத் தொடங்கியது. காலோடு ஏணியும்.

அப்போதுதான் பின்வாசல் கதவு திறந்தது. வேலை முடிந்து மனைவி வந்திருந்தாள். தோளில் பை, கையில் குடை. அவளுக்குக் கத்தத் தெரியாமல் இல்லை. ஆனால் பாதி தூக்கிய நிலையில் இருக்கும் ஆளைக் கூப்பிட்டுத் திடுக்கிட வைக்கக் கூடாது என்பது அவள் படித்த முதல் பாடம். பையையும் குடையையும் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். வந்து ஏணியை இரு கையாலும் பிடித்து, அடிப்படியில் தன் காலை அழுத்தி வைத்தாள்.

"நான்தான். கீழ ஏணியைப் பிடிச்சிருக்கேன்." வேலைக்குப் போகும் வீடுகளில் பேசும் குரல். மேடு பள்ளம் இல்லாத குரல். "இப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம். மூச்சு விடுங்க."

அவர் மூச்சு விட்டார்.

"அடிபட்ட காலை மெதுவா உள்பக்கமாக் கொண்டு வாங்க. அவசரம் இல்ல. வந்துடுச்சா? இப்ப இறங்கறோம். ஏறும்போது நல்ல கால் முதல்ல. இறங்கும்போது?"

"அடிபட்ட கால் முதல்ல" என்றார் அவர், பள்ளிக்கூடத்துப் பையன் போல.

"அதேதான். கீழ விடுங்க. படி கிடைச்சுதா? அடுத்த கால்."

இப்படியே தரைவரை இறக்கிவிட்டாள். அவர் கால் தரையில் பட்டதும் பெரிய துளிகளாக மழை விழுந்தது. அவள் அவரைச் சமையலறைக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள், இடுப்பை அழுத்திப் பார்த்தாள், ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்தாள். மூலையில் எப்போதும் இருக்கும் வாளியில் கூரையிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. 'சுவர்ல ஈரம், ஓட்டுல கோளாறு இல்ல' என்று வருஷக்கணக்காக அவர் சாதித்துவரும் சொட்டு அது. ஊர்க் கூரையெல்லாம் பார்த்தவருக்கு வீட்டுக் கூரைமேல் ஏற மட்டும் நேரம் கிடைத்ததில்லை.

வெந்நீர் கொதித்த பிறகுதான் அவள் பேசினாள்.

"நான் தினமும் ஆட்களைத் தூக்குறவ. என் முதுகுல இன்னும் எவ்வளவு தூக்குற தெம்பு மிச்சம் இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்களை ஒரு தடவை தூக்கி எழுப்பிட்டேன். இரண்டாவது தடவைக்கு இதுல இடம் இல்ல. மறுபடி விழுந்தீங்கன்னா உங்களைத் தூக்க வேற ஆள்தான் வரணும். யாரோ ஒரு ஆள். கோபத்துல சொல்லல. நடக்கப்போறதைச் சொல்றேன்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். உண்மையிலேயே கோபம் இல்லை. அதுதான் அவரை உலுக்கியது. கோபம் என்றால் தணியும் என்று காத்திருக்கலாம்.

வேன் வந்து நின்றது. மைத்துனனும் நெட்டையும் நனைந்துகொண்டே ஓடி வந்தார்கள். சுவரில் சாய்ந்து நிற்கும் ஏணியைப் பார்த்ததும் மைத்துனன் அக்காள் முகத்தைப் பார்த்தான். உடனே தரையைப் பார்த்தான்.

"ஏறி எடுத்துடவாண்ணே?" என்றான் நெட்டை.

"ஈர ஓட்டுல யாரும் ஏற வேண்டாம்" என்றார் கூரைக்காரர். "அது அங்கேயே கிடக்கட்டும். ஏணியைப் படுக்கப் போடு."

மறுநாள் அவர் மட்டும் கடைக்குப் போனார். வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேருந்தில், குடையையே கைத்தடியாக ஊன்றிக்கொண்டு போனார். அந்தப் பெண் அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"உடைஞ்சிடுச்சா, சார்?"

"தெரியலம்மா. கூரை மேல கிடக்கு."

"போய் எடுக்கலையா?"

"அதைப் போய்ப் பார்க்கத்தான் அந்தக் கொசுக்கூண்டை வாங்க வந்தேன்."

அவள் 'அன்னைக்கே சொன்னேனே' என்று சொல்லவில்லை. சின்னப் பெட்டியோடு மாற்று இறக்கைகள் ஒரு கொத்தும் எடுத்துக் கொடுத்தாள். "வெளிய வேண்டாம், சார். முதல்ல வீட்டுக்குள்ள. மின்விசிறியை மட்டும் அணைச்சிடுங்க." பிளாஸ்திரி விரலை உயர்த்திக் காட்டினாள். "இது என்னோட முதல் ட்ரோன் கொடுத்தது. கூண்டு இல்லாதது."

மழை விடாமல் பெய்தது. வேறு வேலையும் இல்லை. கூரைக்காரர் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுப் பழகினார். இந்த முறை 'புதியவர்' என்று இருந்ததை அவரே தேடிப் போட்டார். சின்ன ட்ரோன் திரைச்சீலையில் முட்டியது. அலமாரியில் முட்டியது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நெட்டையின் நெற்றியில் முட்டியது. "நான் என்னண்ணே பண்ணேன்?" என்றான் அவன். ஒரு தடவை நேரே சமையலறைக்குள் பறந்து வாளித் தண்ணீருக்குள் தொப்பென்று விழுந்தது.

"அதுக்கே தெரியுது எங்க ஒழுகுதுன்னு" என்றாள் மனைவி, அடுப்பை விட்டுத் திரும்பாமலே.

"அது சுவர் ஈரம்னு எத்தனை தடவை சொல்றது?"

அதை எடுத்துத் துடைத்து, காயவைத்து, மறுபடி பறக்கவிட்டார். விழ விழ அவருக்கு ஒன்று புரிந்தது. பெரியது விழுந்தபோது நெஞ்சு அடைத்தது. இது விழுந்தால் சிரிப்பு வந்தது. சிரிப்பு வரும் இடத்தில்தான் கை கற்றுக்கொள்கிறது.

ஒரே ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. ட்ரோன் அவருக்கு முதுகைக் காட்டிப் போகும்போது சொன்ன பேச்சைக் கேட்டது. முகத்தைக் காட்டித் திரும்பியதும் இடம் வலம் மாறிப்போனது. மனசுக்குள் கணக்குப் போட்டு மாற்றிப் பார்த்தார். கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அலமாரி வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் களைத்துக் கட்டிலில் சாய்ந்தார். அடிபட்டபோது கிடந்த அதே கட்டில். அதே கூரைச் சட்டம், அதே சிலந்தி. மனைவி அவரைப் பார்த்து நின்று புரட்டிவிட்ட நாட்கள் ஞாபகம் வந்தன. முதல் நாள் "இடது பக்கம் திரும்புங்க" என்றாள். அவர் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டு தப்பான பக்கம் திரும்பி, வலியில் அலறினார். அவள் அப்போது சொன்னாள்: "என் இடது இல்ல. உங்க இடது. படுத்திருக்கறவங்களோட இடதுதான் இடது. நிக்கிறவங்க இடதுக்கு இங்க மதிப்பில்ல. இல்லைன்னா நாங்க நல்ல காலுக்குக் கட்டுப் போட்டுட்டு வந்திடுவோம்."

கூரைக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

கணக்கே வேண்டாம். தன்னைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தால் போதும். பறப்பது யாரோ அவருடைய இடதுதான் இடது. ட்ரோனை எழுப்பினார், தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார். "உன் இடது" என்று மெதுவாகச் சொன்னார். அது தன் இடது பக்கம் போனது. "உன் வலது." போனது. அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில் நூல் பிடித்ததுபோல நுழைந்து வந்தது.

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி, "யார்கிட்ட பேசுறீங்க?" என்றாள்.

"நோயாளிகிட்ட."

அவள் ஒரு கணம் நின்று பார்த்தாள். வாயோரம் கொஞ்சம் அசைந்தது. "மருந்து குடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மழை ஓய்ந்த பிறகு, காற்றே இல்லாத ஒரு காலையில், எல்லாரும் முற்றத்தில் கூடினார்கள். மைத்துனன் வேனை வழியில் நிறுத்திவிட்டு ஓடி வந்தான். சின்னக் கூண்டு எழுந்தது, கூரை விளிம்பைத் தாண்டியது, ஓட்டு வரிசைகளின் மேல் மெல்ல ஊர்ந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூரைக்காரர் மட்டும் தலையைக் குனிந்து திரையைப் பார்த்தார்.

படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் பெரிய ட்ரோன் தெரிந்தது. ஒரு இறக்கை போயிருந்தது, மற்றபடி முழுசாக, மழையில் கழுவிய முகத்தோடு கிடந்தது. நெட்டை கைதட்டினான். கூரைக்காரர் கைதட்டவில்லை. அவர் பார்வை ட்ரோனைத் தாண்டிப் போய்விட்டது. முகட்டுக்குக் கீழே ஒரு ஓடு வரிசையை விட்டு நழுவி இறங்கி, பக்கத்து ஓட்டின் மேல் சாய்ந்திருந்தது. அதன் கீழே கறுப்பாக ஒரு வாய். வாயைச் சுற்றிப் பாசி. நேற்று நழுவியதல்ல, பல மழை பார்த்த வாய். அதற்கு நேர் கீழே இல்லை சமையலறை. ஆனால் அங்கிருந்து இறங்கும் சட்டம் எங்கே போய் முடிகிறது என்று அவருக்குத் தெரியாதா?

மனைவி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கூரைக்காரர் திரையை மெல்லத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"மறைக்காதீங்க. நான் பார்த்துட்டேன்."

"ம்" என்றார் அவர். இந்தத் தடவை 'ம்' அவருடையதாக இருந்தது.

"சுவர்ல ஈரம்னு சொன்னீங்களே. அது என்ன, சுவர் ஓடு போட்டுக்கிட்டு மேல படுத்திருக்கா?" என்று கேட்டுவிட்டு மைத்துனன் நெட்டைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான்.

ஓடு காய்ந்ததும் நெட்டை ஏறினான். பெரிய ட்ரோனை இடுப்புத் துண்டில் கட்டிக்கொண்டான். நழுவிய ஓட்டைத் தூக்கி வரிசையில் உட்கார வைத்தான். "முடிஞ்சுதுண்ணே, இறங்கவா?"

"இருடா" என்றார் கூரைக்காரர். திரையில் ஓடு சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அவருக்கு நிம்மதி வரவில்லை. மேலே போனால் அவர் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. விரல் முட்டியால் ஒவ்வொரு ஓட்டையும் தட்டுவார். நல்ல ஓடு ஒரு மாதிரி பேசும், உள்ளே விரிசல் விட்ட ஓடு வேறு மாதிரி பேசும். ட்ரோனுக்குத் தட்டத் தெரியாது. ஓட்டின் சூடும் அதற்குத் தெரியாது. அந்தச் சூடு இனி தனக்கு இல்லை என்று அப்போதுதான் அவர் மனசு முழுசாக ஒத்துக்கொண்டது. டாக்டர் சொன்னபோது காது ஒத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"நெட்டை, உன் போன்ல என்னைக் கூப்பிடு. கூப்பிட்டுட்டு போனை ஓட்டுப் பக்கத்துல வை. இப்ப சுத்தி இருக்கற ஓட்டை ஒவ்வொண்ணாத் தட்டு."

ரிமோட்டில் இருந்தது மைத்துனனின் போன். ட்ரோனைத் தரையில் இறக்கிவிட்டு, தன் போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். டங். டங். டங். டொக்.

"அது. இப்பத் தட்டினது. அதை எடுத்துட்டு வேற போடு."

"நல்லாத்தானேண்ணே இருக்கு?"

"எடுத்துத் திருப்பிப் பாரு."

மேலே ஓடு புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆமாண்ணே. முடி மாதிரி ஒரு கோடு ஓடுது."

அந்த மழைக்காலத்தின் மிச்ச நாட்களெல்லாம் வேலை அப்படித்தான் நடந்தது. கண் சின்னக் கூண்டில், காது போனில், கை நெட்டையிடம். வீட்டுக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பறக்கவிடுவார். பக்கத்து வீட்டு ஜன்னல்களில் எட்டிப் பார்ப்பவர்களிடமும். "மூணு பேர் சேர்ந்து ஒரு கூரைக்காரரா?" என்று சிலர் சிரித்தார்கள். விட்டுப்போன பழைய வாடிக்கைக்காரர் திரும்பி வரவில்லை. வேறு இருவர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கூரையைவிட ட்ரோனைப் பார்க்க வந்தவர் என்பது வேறு விஷயம். பெரிய ட்ரோன் கடையில் ஈரம் போக்கி இறக்கை மாற்றிக்கொண்டு வந்து அலமாரி மேல் உட்கார்ந்திருந்தது. அவ்வப்போது எடுத்துத் தூக்கிப் பார்ப்பார். கனமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் பழகட்டும் என்று திரும்ப வைத்துவிடுவார்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று காலை, நெட்டை இறங்கி வந்ததும் கூரைக்காரர் ஏணியைக் காட்டினார். "இதை உன் வீட்டுக்கே கொண்டு போயிடு. வேலைக்கு வரும்போது எடுத்துட்டு வா."

"இவ்வளவு கனத்தையா? தினமுமா?"

"மாமா, வேன் ஓட்டறவனைக் கேட்காம இப்படிச் சொன்னா எப்படி?" என்றான் மைத்துனன். பிறகு அக்காளைப் பார்த்தான். ஏணியின் ஒரு முனையைப் பிடித்தான்.

அவள் உள்ளே போய் சமையலறை மூலையில் இருந்த வாளியைக் கொண்டுவந்து, தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, திண்டில் கவிழ்த்து வைத்தாள். திரும்பும்போது கணவரைப் பார்த்தாள். அவர் மறுபடி தலையைக் குனிந்து, திரையில் பதிவாகியிருந்த தன் கூரையை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படியே குனிஞ்சு நின்னா அடுத்தது கழுத்துதான் போகும்" என்றாள். "நாற்காலி போட்டு உக்காந்து பாருங்க."

நாற்காலியை அவளே கொண்டுவந்து போட்டாள். கனமான நாற்காலி. அவர் உட்கார்ந்தார்.